கோட்டுக்காரன் பேர் யாருக்காவது தெரியுமா?

இன்று பௌர்ணமி, போயா லீவு. பசறை டவுனில் ரத்தக்காட்டேரி சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் டிவிடி எடுத்து வந்தேன்.

மனைவியின் நாடகம் ஓடுகிற நேரம். "அருமையான கதை" என்று சத்தியம் செய்துதான் ரிமோட்டை வாங்கினேன்.

ரயில் பறந்தது. கோட்டை இடிந்தது. காட்டேரிகள் கும்பல் கும்பலாக வெடித்தன. கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவன் வாயே திறக்காமல் சுட்டுக்கொண்டே இருந்தான்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற என் மனைவிக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"ரத்தம் குடிக்கிறதுக்கா இம்புட்டு வெடி? நாங்க ரத்தம் உறிஞ்சுற அட்டைக்குக் கால்ல சவுக்கார சோப்பத் தேச்சுக்கிட்டு மலைக்குப் போறோம். அந்தாளுக்கும் ஒரு கட்டி வாங்கிக் குடுங்க."

"கதை இனிமேத்தான் புள்ள வருது" என்றேன். படம் முடிந்துவிட்டது.

"சரி, கோட்டுக்காரன் பேரு என்னா? சொன்னா ரிமோட்டு ஒங்களுக்கு. இல்லாட்டி இன்னைக்குப் பூரா எனக்கு."

டிவிடி கடை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பேரெல்லாம் மொதப் பாகத்துலயே சொல்லி முடிச்சிட்டாங்க தம்பி. இதுல அடிதடி மட்டுந்தான்" என்றார்.

முதல் பாகம் பார்த்த புண்ணியவான்கள் யாராவது பேரைக் கீழே போடுங்கள். ஏழு மணிக்குக் கிரிக்கெட் மேட்ச் இருக்கிறது.