ஆறு குழிப் பெட்டியும் ஐந்து டிஸ்க்கும்

பட டிஸ்க் விநியோக நிறுவனம் ஒன்று டயர் கடைக்காரருக்கு ஒரு டிஸ்க் கடன்பட்டிருந்தது. விலையாகச் சொன்னால் ஆயிரம். பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மூன்று வருடமாக மூச்சு விடவில்லை. அவர் கடையில் ஒரு காலைப்பொழுதில் புரளும் பணத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் உழைத்த காசு, கையில் எண்ணிக் கொடுத்த காசு.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். பஞ்சர் ஒட்டும் கூலிக்குச் சேர்ந்த அதே கடையைப் பதினாறு வருடம் கழித்து முதலாளியிடமே விலைக்கு வாங்கினார். இன்றைக்கு அங்கே நாலு லாரி ஒரே நேரத்தில் நிற்கலாம். வீல் அலைன்மென்ட் மெஷின் இருக்கிறது. பட்டம் வாங்கிய கணக்காளர் ஒருவர் இருந்தார். அவர் கம்ப்யூட்டரில் போட்ட கணக்கை இவர் மனக்கணக்காகக் கூட்டி இரண்டு தடவை தப்புக் கண்டுபிடித்தார். மூன்றாவது தடவைக்கு வழிவைக்காமல் கணக்காளர் வேறு வேலை பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு ஸ்பேனர். புது டிவி வாங்கியபோது கடையில் இலவசமாக ஒரு டிஸ்க்கைத் தள்ளிவிட்டார்கள். குழந்தைகள் சமாச்சாரம் என்று மூலையில் கிடந்ததை, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டார். படத்தில் ஒரு பையன் துருப்பிடித்த நட்டைக் கழற்றுகிறான். கையால் இழுத்துத் தவிக்கவில்லை. ஸ்பேனரை மாட்டி, முழங்கையை மடக்கி, உடம்பு எடையை அதன்மேல் சாய்க்கிறான். டயர் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை வரைஞ்சவன் ஒரு தடவையாவது நட்டு கழட்டியிருக்கான்."

"படம் பாக்குறீங்களா, வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

அன்றைக்குப் பிடித்தது. ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. மாடி அறையில், டயர் அடுக்கும் இரும்பு ரேக்கையே கொண்டுவந்து நிறுத்தி, அளவு வாரியாக அடுக்கியிருந்தார். படத்தின் கீழே ஓடும் தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டித்தான் அவரால் படிக்க முடியும். ஒவ்வொரு வரிக்கும் ரிமோட்டை அமுக்கி நிறுத்துவார், படிப்பார், ஓட விடுவார். இருபத்தைந்து நிமிடக் கதை அவருக்கு ஒன்றரை மணி நேரம். படித்தவர்கள் பாதியைக் கோட்டை விடுகிறார்கள், அவருக்கு ஒரு வரி தப்பியதில்லை.

அந்த ஆறு குழிப் பெட்டியை அவர் தலையில் கட்டியது டிஸ்க்கம்மா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டிஸ்க் கடை வைத்திருந்தவளை ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவருக்கு மட்டும் தங்கச்சி. மலைப்பாதையில் லாரி பழுது பார்க்கும் ஒரு பெண்ணின் கதை, இருபத்தாறு பகுதி, ஆறு டிஸ்க். நிறுவனம் ஆறுக்கும் முன்பணம் கேட்கிறது, முதல் டிஸ்க்கோடு கெட்டி அட்டைப் பெட்டியும் தந்துவிடும், மீதி நாலு மாதத்துக்கு ஒன்றாக வரும் என்றாள். லாரி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆறாயிரத்தை எண்ணி வைத்தார்.

ஐந்து டிஸ்க் சொன்னபடி வந்தன. வரிசையாகப் பெட்டியில் நிறுத்தினால் உறைகளின் முதுகுப் பக்கங்கள் சேர்ந்து ஒரு லாரிப் படமாகும். பின்சக்கரம், சரக்கு, தார்ப்பாய் எல்லாம் வந்தாயிற்று. ஓட்டுநர் உட்காரும் முன்பக்கம்தான் ஆறாவதில் வரவேண்டும்.

அதுகூடப் போகட்டும். ஐந்தாவது டிஸ்க் முடிந்த இடம்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. சரிவில் ஒரு லாரி சாய்ந்து நிற்கிறது. அடியில் ஒரு ஆள் மாட்டியிருக்கிறான். அந்தப் பெண் ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகிறாள். அச்சுக்கு அடியில் கொடுக்க வேண்டிய ஜாக்கியை ஆயில் சம்ப்புக்கு அடியில் கொடுக்கிறாள். சம்ப் என்பது எஞ்சின் எண்ணெய் நிற்கும் மெல்லிய தகட்டுத் தொட்டி. எடை ஏறினால் காகிதம் மாதிரி நசுங்கும், லாரி அப்படியே உட்காரும். ஜாக்கியின் கைப்பிடி அரைச் சுற்றுச் சுற்றுகிறது, அங்கே டிஸ்க் முடிகிறது.

இருபத்திரண்டு பகுதியில் அவள் ஒரு வாஷரைக்கூடத் தலைகீழாகப் போட்டதில்லை. அப்படியென்றால் பதற்றத்தில் அவள் செய்த தப்பா, வரைந்தவர்கள் செய்த தப்பா, அல்லது நாற்பது வருடம் டயரோடு புரண்ட தனக்கே தெரியாத ஏதோ வித்தை இருக்கிறதா? இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஆறாவதைக் கேட்டால், நிறுவனம் முதலில் அச்சாகிக்கொண்டிருக்கிறது என்றது. பிறகு வரிகளில் திருத்தம் நடக்கிறது என்றது. பிறகு தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டது. டிஸ்க்கம்மா நாயாய்ப் பேயாய் அலைந்து ஒருவழியாகச் சேதி கொண்டுவந்தாள். விற்பனை போதவில்லை என்று ஆறாவதை நிறுத்திவிட்டார்களாம். இப்போது எல்லாப் பகுதியையும் இரண்டே டிஸ்க்கில் அடக்கி முழுத் தொகுப்பு போடுகிறார்கள், ஆயிரம் பிரதிதான், விலை ஆறாயிரம்.

"பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பினா முழுப் பணமும் தர்றாங்களாம் அண்ணே. அதை வச்சுப் புதுசு வாங்கிக்கலாம்."

"ஒரு டிஸ்க் தரவேண்டியவன் என்கிட்ட இருக்கிற அஞ்சையும் கேக்கிறானா? நல்லா இருக்கு தங்கச்சி வியாபாரம்."

பத்து நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். மகள், போனிலேயே பார்த்துவிடலாம் அப்பா என்றாள். காசு கொடுத்த பொருளைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது போல அவருக்குப் பட்டது, மாட்டேன் என்றார். கடைசியில் ஜாக்கி அவரைத் தோற்கடித்தது, சரி போடு என்றார். மகள் தேடினாள். டிஸ்க் உரிமையோடு போனில் காட்டும் உரிமையையும் நிறுவனம் வாங்கி, போன மாதம்தான் போனிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

வேறு வழியில்லை. பழைய டியூப் ரப்பரை வெட்டிப் பெட்டியைச் சுற்றி, மூலை மழுங்காமல் தானே பார்சல் கட்டினார். அவர் கட்டிய பார்சல் மாடியிலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மகள் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"பெட்டி முழுசா இல்லையாம். ஆறாவது டிஸ்க்கை நீங்க தொலைச்சுட்டீங்களாம். அதனால பணம் கிடையாதாம்."

அவர் அதை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கித் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடை வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, வேலை நாளில் ஷட்டரை இழுத்து விட்டார்.

நிறுவனம் மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, டோக்கன், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கிளை மேலாளருக்கு மகள் வயதுதான் இருக்கும். மரியாதைக்குக் குறைவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பெட்டியில குழி ஆறு சார். டிஸ்க் அஞ்சுதான் வந்திருக்கு."

"ஆறாவதை நீங்க போடவே இல்லையே தம்பி. போட்டிருந்தா உங்க கிடங்குல ஒண்ணு இருக்கணும். எடுத்துக் காட்டுங்க, நான் எழுந்து போயிடறேன்."

மேலாளர் தேடினார். ஆறாவதற்குச் சரக்கு எண்ணே இல்லை. எண் இல்லாத சரக்கை வெளியாகவில்லை என்று பதிய அந்தக் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது, காணவில்லை என்று பதியத்தான் இடம் உண்டு. முன்னூற்று நாற்பது பேர் பெட்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அத்தனை பேருக்கும் இதே கடிதம் போயிருக்கிறது. நேரில் வந்து கேட்ட முதல் ஆள் இவர்தான்.

"சரி, பணம் வேண்டாம். என் பெட்டியைக் குடுங்க."

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திரும்பி வர்ற டிஸ்க்கை ஏழு நாள்ல ஓட்டை போட்டுடுவோம் சார். வெளிய யாரும் வித்துடக் கூடாதுன்னு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் சார்."

டயர் கடைக்காரர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். புதுத் தொகுப்பில் ஒன்று விலைக்காவது தரும்படி கேட்டார். ஆயிரமும் தீர்ந்து மூன்று வாரமாகிவிட்டதாம், மறுபடி அச்சடிக்க ஒப்பந்தத்தில் இடமில்லையாம். ஹாலில் பதினாலு மேசை இருந்தன. இந்தப் படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று சத்தமாகவே கேட்டார். பதினாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு ஜாக்கியை வேணும்னேதான் அங்க குடுத்தாளா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

"எந்தப் பொண்ணு சார்?" என்றார் மேலாளர்.

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் எண்ணிக் கொடுத்த பணம், கையில் எண்ணித்தான் வரவேண்டும் என்றார். வங்கிக் கணக்குக்கு அனுப்பப் பரிசீலிக்கிறோம் என்றதற்கு, பரிசீலித்து முடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் வந்தார்கள். மாலையில் விளக்கை அணைக்க வந்த காவலாளி, அவரைப் பார்த்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் யாருக்கோ நாலு தடவை போன் செய்து, அலுவலகச் செலவுப் பெட்டியைத் திறந்து, ஒரு சீட்டை எழுதி நீட்டினார்.

கையெழுத்துக்காக மூன்று பேர் பேனாவோடு நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். நாலாவது வரியில் விரல் நின்றது. காணாமல் போன டிஸ்க் என்று இருந்தது.

"இதை அடிச்சுட்டு, கொடுக்கப்படாததுன்னு எழுதுங்க. எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நான் போடறேன்."

மேலாளர் அடித்தார், எழுதினார், போட்டார். டயர் கடைக்காரர் தன் பெயரை நிதானமாக, ஒரு புள்ளி விடாமல் எழுதிவிட்டு, கிரீஸ் ஏறிக் கறுத்த வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். நூறும் ஐந்நூறுமாகக் கலந்திருந்த நோட்டுகளை மேலாளர் ஒவ்வொன்றாக அதில் வைத்து எண்ணினார். ஆறாயிரம் சரியாக இருந்தது.

டயர் கடைக்காரர் கையை மூடவில்லை. "இன்னொரு தடவை எண்ணுங்க" என்றார். மேலாளர் எல்லாவற்றையும் எடுத்து, அதே கையில், முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.