மீன் பாடும் கொழும்பு

1. கதவு சாத்துகிற நேரம்

பெங்களூர் சவுத் பரேடில் இருந்த எங்கள் டிராவல் ஆபீஸை சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு மூடிவிடுவோம். உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் சனிக்கிழமை, ஹெட் கிளார்க் வரதராஜ முதலியார் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் டைப்ரைட்டருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரோசம்மா உள்ளே வந்தார்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த தையற்காரம்மா அவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஃபிலோமினா, கல்யாணமாகி சிலோனில் இருந்தாள். மருமகனுக்கு அங்கே மராமத்து இலாகாவில் வேலை. பொங்கல் கழிந்து ஃபிலோமினாவுக்குப் பிரசவம். அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று செப்டம்பரிலேயே எங்களிடம் வந்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

டிக்கெட் எடுத்த அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கொழும்புக்குப் போவணும். எப்ப போனா நல்லதுங்க?" என்று கேட்டார். முதலியார் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"ஜனவரி முதல் வாரம் போங்கம்மா. மழை கிழை ஒண்ணும் இருக்காது. ஜில்லுனு நம்ம பெங்களூர் மாதிரியே இருக்கும். துரைங்க எல்லாம் அப்பத்தான் போறாங்க."

மழையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. சிலோன் போக உகந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்று எங்கள் நோட்டீஸிலேயே இருந்தது. அதை டைப் அடித்தவள் நான்தான். ஜனவரி முதல் வாரத்துக்கு டிக்கெட் எழுதினோம். எல்லோருக்கும் திருப்தி.

இப்போது வந்தது வேறு விஷயத்துக்கு. பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறி எடுத்துப் போகலாமா, கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்களா என்று கேட்டார். கொண்டு போகலாம் என்றேன். அதோடு போயிருப்பார். போகிற போக்கில் சொன்னார்:

"மாப்ள எழுதியிருக்காரு, கொழும்புல ஒரே மழையாம். வூட்டு வாசல் வரைக்கும் தண்ணியாம். தோணியிலதான் ஆபீசுக்குப் போறாராம். அங்க ஒரு பாலத்துக்கிட்ட மீன் பாடுமாமே, அந்தப் பாலத்தையே தண்ணி முட்டிக்கிட்டு நிக்குதாம்."

முதலியார், "சரிம்மா, சரிம்மா, நேரமாச்சு" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். மீன் பாடும் என்றதும் என் கை உறையிலேயே நின்றுவிட்டது. எங்கள் நோட்டீஸின் கடைசியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், மீன் பாடுகிற ஊர் ஒன்றே ஒன்று உண்டு. அது கொழும்பு இல்லை.

"அம்மா, உங்க பொண்ணு இருக்கிற ஊர் பேரு என்ன?"

"கொழும்பு."

"ரயில்ல இறங்குற ஸ்டேஷன் பேரு?"

"ஏதோ மட்டக்களப்புன்னு சொல்லுவாங்க. கொழும்புதான் அது."

இதற்காக அந்த அம்மாளை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் சிலோனுக்குப் போனவன் எவனாயிருந்தாலும் கொழும்புக்குப் போனவன்தான். என் தாய்மாமன் வாழ்நாள் முழுக்க ஹட்டனில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதினார். எங்களுக்கு அவர் கொழும்பு மாமாதான். அந்தத் தீவு முழுக்க எங்களுக்கு ஒரே ஊர்.

ஆனால் மழைக்கு அது ஒரே ஊர் இல்லை. கொழும்புப் பக்கம் மே, ஜூனில் கொட்டும். மட்டக்களப்பு கிழக்குக் கரை. அங்கே நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கத்து ரயில் லைனைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். துரைமார்களுக்கு உகந்த காலம்தான் மட்டக்களப்புக்குப் பொல்லாத காலம். கிழக்கு லைனில் தண்ணீர் ஏறுகிறது, வண்டி எந்த நாளும் நிற்கலாம் என்று அன்று காலையில்தான் தந்தி வந்திருந்தது. நானே அதைப் பலகையில் குத்தி வைத்திருந்தேன். முதலியாரிடம் அதைக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அவங்க கொழும்புன்னாங்க, நான் கொழும்புக்குச் சொன்னேன். எம்மேல என்ன தப்பு? ஜோசியமா பாக்க முடியும்?"

"தப்பு யாருதுன்னு திங்கக்கிழமை வந்து சண்டை போடலாம் சார். இன்னிக்கு சாயங்காலம் ஒரு வண்டி இருக்கு."

ரோசம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல் பிரசவத்துக்கு இங்க வரேன்னுதான் ஃபிலோமினா பொறப்பட்டா, ஸ்டெல்லா கண்ணு. பாதி வழியில, ரயில்லயே வலி எடுத்துடுச்சு. புள்ள தங்கல. இந்தத் தடவ வூட்டை விட்டு அசையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனாலதான் நான் போறேன். லைன் அறுந்தா நடந்தாவது போவேன். இன்னிக்கே எழுதிக் குடு."

2. கிளப் வாசல்

எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது. டிக்கெட்டில் ஊரையும் தேதியையும் மாற்ற மானேஜர் துரை கையெழுத்து வேண்டும். துரை டென்னிஸ் ஆட கிளப்புக்குப் போயிருந்தார். சனிக்கிழமை அவரைத் தேடிக்கொண்டு போனவன் எவனும் அந்த ஆபீஸில் நிலைத்ததில்லை என்று முதலியார் எச்சரித்தார். ரோசம்மாவைப் பெட்டி கட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினேன்.

கிளப் வாசலில் காவல்காரன் விடவில்லை. நம்மவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பது எனக்குத் தெரியாதா? சீட்டு எழுதி அனுப்பிவிட்டு வெயிலில் நின்றேன். நிற்க நிற்கக் கோபம் போய் பயம் வந்தது. என் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது?

துரை மட்டையும் கையுமாக வந்தார். வியர்வையோடு சீட்டைப் படித்துவிட்டு இங்கிலீஷில் கத்தினார். "மட்டக்களப்புக்கா? டிசம்பரிலா? உனக்குப் பைத்தியமா, மிஸ் ஸ்டெல்லா? ஏப்ரலில் போகச் சொல்!"

"சார், குழந்தை நம்ம நோட்டீஸைப் படிச்சிட்டுப் பொறக்காது" என்று நானும் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார். மட்டையின் மேல் டிக்கெட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "தண்ணீரில் மாட்டிக்கொண்டால் என்னிடம் வராதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

3. கண்டோன்மென்ட் ஸ்டேஷன்

ரோசம்மாவைப் பெட்டியோடு வண்டியில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. டாக்டர் சர்டிபிகேட்! நம் ஊரில் பிளேக் பயம் இருந்த காலம். நோய் இல்லை என்று சர்டிபிகேட் இல்லாவிட்டால், கப்பல் ஏறுவதற்கு முன்பே மண்டபம் முகாமில் இறக்கி நாள் கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள். ஜனவரிதானே, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். ரயில் கார்டு கொடியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏய், நிறுத்துப்பா! அம்மா, ஜல்தி ஜன்னலைத் தொறங்க!"

முதலியார்தான். தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிளாட்பாரத்தில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கையில் சர்டிபிகேட். ரோசம்மாவைப் பல வருஷமாகத் தெரிந்த கோல்ஸ் பார்க் பக்கத்து டாக்டரிடம் போய், மத்தியானத் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பி, அந்த அம்மாளின் வீட்டுக்கே இழுத்துப்போய், எதற்கென்று அவரிடம் சொல்லாமலே பார்க்க வைத்து வாங்கியிருக்கிறார். கடைசியாக முத்திரை குத்த டாக்டர் ரப்பர் ஸ்டாம்பைத் தேடியதில் தாமதமாம். "பேஜார் புடிச்ச மனுஷன்!" என்று அவரைத் திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக நீட்டினார்.

வண்டி அசைந்தது. முதலியார் கூடவே நடந்தார்.

"அம்மா, வழியில எவன் கேட்டாலும் கொழும்புன்னு சொல்லாதீங்க. மாகோ ஜங்ஷன்ல வண்டி மாறணும். மட்டக்களப்பு. சொல்லுங்க பாப்போம்."

"மட்டக்களப்பு."

"இன்னொரு தரம்!"

"மட்டக்களப்பு, மட்டக்களப்பு" என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே போனார் ரோசம்மா.

4. எந்தக் கொழும்பு?

அடுத்த வாரம் தந்தி வந்தது. கிழக்கு லைன் உடைந்துவிட்டது. மட்டக்களப்புப் பயணிகளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். ரோசம்மா அந்த லைனில் இருந்திருக்க வேண்டிய அதே சமயம். நானும் முதலியாரும் அதை மாறி மாறிப் படித்தோம்.

இரண்டு நாள் கழித்து, கோலார் தங்கவயலில் வேலை செய்யும் ரோசம்மாவின் தம்பி சொல்லியனுப்பியதாகத் தெருவில் ஒருவர் வந்து சொன்னார். "அக்கா சுகமா கொழும்பு போய்ச் சேந்துட்டாங்களாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் கொழும்பு? மகள் இருக்கிற கொழும்பா, திருப்பி அனுப்பிய கொழும்பா? சொன்னவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. "கொழும்புதாம்மா, சிலோன்ல இருக்கே" என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் எல்லோரும் பாடினார்கள், என் வாய் திறக்கவில்லை. பூட்டிய ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாள் லேகியப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் நின்றது. ஆபீஸில் முதலியார் என்னோடு சண்டைகூடப் போடவில்லை. காலையில் வந்ததும், "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்பார். இல்லை என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

புத்தாண்டு கழிந்து, கற்கண்டுப் பொட்டலத்தோடு ரோசம்மாவின் தம்பி நேரிலேயே வந்தார். "ஆம்பளப் புள்ளைங்க! கொழும்புல பொறந்திருக்கான்!"

"எந்தக் கொழும்பு?" நானும் முதலியாரும் ஒரே குரலில் கத்தினோம்.

அவர் மிரண்டு போனார். "மீன் பாடுமே, அந்தக் கொழும்புங்க."

வண்டி தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டதாம். மற்றவர்கள் திரும்பிப் போக, அக்கா பெட்டி மேல் உட்கார்ந்து மாட்டேன் என்றுவிட்டாராம். மருமகன் இலாகா ஆட்களோடு வந்து, பாதி தூரம் டிராலியிலும் மீதி தூரம் தோணியிலும் கொண்டு சேர்த்தாராம். பொங்கல் வரை குழந்தை காத்திருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே வலி வந்துவிட்டது. மருத்துவச்சி வெள்ளத்தைத் தாண்டி வர முடியவில்லை. குழந்தை கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்து வந்ததாம். கொடியைப் பிரித்து மூச்சு வர வைத்தது ரோசம்மாவின் கை.

ஜனவரி முதல் வாரம் போயிருந்தால்? முதலியார் பின்பக்கம் போய் வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். திரும்பி வந்து, "சரி சரி, வேலையப் பாரும்மா" என்றார்.

5. மறுபடியும்

இதோடு நான் புத்திசாலியாகிவிட்டேன் என்று நினைத்தேன். சில வருஷம் கழித்து ரோசம்மா அந்தப் பேரனையே கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். அம்மாவும் பிள்ளையும் லீவுக்கு வந்தபோது பையன் மட்டும் பாட்டியோடு தங்கிவிட்டானாம்.

"ஃபிலோமினாவுக்கு மறுபடியும் விசேஷம் கண்ணு. ஜூன்ல பிரசவம். எப்ப போவலாம்?"

"ஜூன்னா கவலையே வேணாம். அங்க சொட்டு மழை இருக்காது. மே கடைசியில ஜம்முனு போங்க" என்று சொல்லி, மட்டக்களப்பு என்று எழுதவும் தொடங்கிவிட்டேன்.

"ஐயோ, அது இல்ல கண்ணு. மாப்ளைக்கு மாத்தலாயிடுச்சு. இந்தத் தடவ நெசமாவே கொழும்பு." மே, ஜூனில் மழை கொட்டுகிற அதே கொழும்பு.

முதலியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அந்த அம்மாளை உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டேன்: எந்த ஊர், எந்த ஸ்டேஷன், யாருக்காகப் போகிறீர்கள். எப்போது என்பதைக் கடைசியில்தான் கேட்டேன். கவுண்டரில் உட்காரப் போகிற பெண்களே, இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது அதற்காகத்தான், நீங்களும் அப்படியே கேளுங்கள்.