டெலிபோன்தான் அத்தா

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சவூதிக்குத் திரும்பிப் போனவர் அவள் அத்தா, என் வீட்டுக்காரர். கூத்தாநல்லூரில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் சபுரில்தான், கடல் தாண்டிய வேலையில்தான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு டெலிபோன் அடிக்கும். "அத்தா வந்துட்டாங்க, ஓடி வா" என்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இதற்கு மட்டும் ஓடிவந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வார்த்தை பேசும். நாத்தனார் சொன்னார் என்று ஓதிப் பார்த்தோம், தாயத்தும் கட்டினோம். தாயத்துக் கயிறு உறுத்துகிறது என்று கடித்தே அறுத்துவிட்டாள். புத்திசாலி.

அவளுக்கு ஆறு வயதானபோது அவர் வந்தார். இனிமேல் இங்கேயே கடை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்ற நினைப்போடு வந்தார். சபுர் மனுஷர் வந்தால் பெட்டி பிரிக்கும்போது சொந்தமெல்லாம் கூடிவிடும் அல்லவா, அப்படி வீடு நிறைய ஆள். "அத்தாகிட்ட போ" என்று எல்லோரும் அவளைத் தள்ளினார்கள். அவள் அவரைத் தாண்டி ஓடிப்போய் டெலிபோனை எடுத்தாள். கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் போய் ரிசீவரை வாங்கினார். அவள் போட்ட கூச்சலில் சிரிப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அவர் கடைப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் இருக்கிறது புள்ளைக்கு இடைஞ்சலா இருக்கு. அடுத்த மாசம் திரும்பிடுறேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஆட்டிசம் என்ற வார்த்தையை அங்கேதான் முதலில் கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், மகளோடு சீட்டு விளையாடினார். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார், மளமளவென்று பிரித்தாள். இப்போது படம் பார்த்துப் பிரி என்றார். அவள் நிறம் பார்த்தே வைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன விளையாட்டு?" என்று கேட்டால் "படம்" என்கிறாள். கை மட்டும் நிறத்துக்கே போகிறது.

"தெரியாம இல்லீங்க," என்றார் அந்தப் பெண். புதுசையும் மனதில் பிடித்துக்கொண்டு பழசையும் தடுத்து நிறுத்துவது என்றால் மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அது சில பிள்ளைகளுக்குச் சிரமம். பழசைப் பிடுங்காமல் புதுசைப் பக்கத்தில் வைத்துப் பழக்கினால் சிலருக்குக் கை வருகிறது. இவளுக்கு வருமா என்று தன்னால் சொல்ல முடியாது, தாங்களே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பஸ்ஸில் வரும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றோம். அங்கேதான் எனக்கு உறைத்தது. அத்தா என்றால் டெலிபோன் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. அவள் சொன்னபடி நடந்தாள். இதற்கா அந்தச் சிரிப்பு சிரித்தார்கள்?

வெள்ளிக்கிழமை அவரை எதிர்ச்சாரி எஸ்.டி.டி. பூத்துக்கு விரட்டினேன். "வீட்டுக்கு எதிர்ல நின்னு வீட்டுக்கே போன் பண்றவனைப் பார்த்தா ஊர் என்ன சொல்லும்?" என்று முனகினார். போனார். குரலோடு ஆளும் கண்ணில் படட்டும் என்று டெலிபோனை ஜன்னலோரம் இழுத்து வைத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைய, குரல் இவள் காதில் கேட்டது. இவள் வெளியே பார்த்ததாகவே தெரியவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். திரும்பிப் போவதற்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பேசிக்கொண்டே இருந்தவள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். சைக்கிள் வருகிறதே என்று பதறிப் பின்னால் ஓடினேன். பூத் கதவைத் தள்ளித் திறந்து, அவர் கையிலிருந்த ரிசீவரை வாங்கி மாட்டினாள். பிறகு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசுங்க அத்தா."

அத்தனை வருஷம் கடல் தாண்டிப் பேசிய மனுஷர், மாட்டிய ரிசீவரை மறுபடி எடுக்கக் கை நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "பச்சப்புள்ள கேக்குதுல்ல, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்" என்று கத்திவிட்டேன்.

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அத்தா போகலம்மா," என்றார்.