மஞ்சள் காட்டிய வெடிப்பு

பெரியசாமியின் பட்டறைக்கு ஒழுகுகிற ரேடியேட்டரோடு வருகிறவர்கள் முதலில் ஒரு பொய் சொல்வார்கள்: "உள்ளுக்கு ஒண்டும் ஊத்தேல்லை." யார் நம்புவது? ஒழுக்கை அடைக்கவென்று முட்டை வெள்ளைக்கரு, சவர்க்காரம் என குசினியில் அகப்பட்டதையெல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தானே வருவார்கள்!

அன்று சீவரத்தினம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை. உழவு மிசினின் ரேடியேட்டரை மேசையில் போட்டுவிட்டு, பின்னால் நின்ற மனைவி அன்னப்பிள்ளையைக் காட்டினார்.

"இவதான்! ஒரு பை மஞ்சளைக் கொட்டிப்போட்டா. மிசின் கொதிச்சு வயலுக்குள்ள நிக்குது. காலபோகத்தில வெட்டின நெல்லு முழுக்க அங்கை மூட்டையில கிடக்கு, வானம் இருட்டுது. கெதியா வெல்டிங் அடிச்சுத் தா, பெரியசாமி."

"வெல்டிங் அடிச்சா தகடு உருகிப் போயிருங்க அண்ணே. ஈயம் மட்டுந்தான் உருகணும். பித்தளை உருகாமலே ஒட்டிக்கும்."

வேறு நாளென்றால் பெரியசாமியின் மலைநாட்டு 'ங்க'வைப் பிடித்து அன்னப்பிள்ளை கேலி செய்திருப்பார். இன்று தலையைக் குனிந்தபடி நின்றார்.

கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, அம்மாவும் பெரியசாமியும் இந்த ஊர் வீதியோரம் பசியோடு குந்தியிருந்தபோது, புதுப்பெண்ணாக இருந்த அன்னப்பிள்ளைதான் அம்மாவின் முந்தானையில் நெல்லைக் கொட்டினார். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை"யென்று அம்மா சாகும்வரை சொல்வாள். பதிலுக்கு எதைக் கொடுத்தாலும் அன்னப்பிள்ளை வாங்கமாட்டார். இன்று அந்த மனுசியின் நெல் மழையில் நனையும் நிலையில் கிடக்கிறது.

ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்தார். ஓரிடத்தில் குமிழி வந்தது. சுரண்டி, ஈயம் வைத்து அடைத்தார்.

"முடிஞ்சுதுதானே!" சீவரத்தினம் கையை நீட்டினார்.

"பொறுங்க அண்ணே, காயட்டும்."

சூட்டில் ஈரம் காய்ந்தபோது, கீழ் மூலையில் மயிரளவு மஞ்சள் கோடொன்று கசிந்து தெரிந்தது. குமிழி காட்டாத வெடிப்பு! வயலில் கொதித்தவுடன் பிளந்திருக்கும்.

"அக்கா! நீங்க மஞ்சள் ஊத்தாட்டி இது என் கண்ணுல பட்டே இருக்காதுங்க!"

அன்னப்பிள்ளை நிமிர்ந்தார். "இஞ்சாருங்கோ, காதில விழுந்ததே?"

சீவரத்தினம் வானத்தைப் பார்த்தார்.

அழுக்கிருந்தால் ஈயம் பிடிக்காது. மஞ்சள் துளியும் இல்லாமல், பித்தளை பளிச்சென்று வரும்வரை பெரியசாமி தேய்த்தார். பிறகு ஈயம் உருக்கும் கோலைக் காய்ச்சி வைத்ததும் ஈயம் வெடிப்புக்குள் தானாக ஓடியது. அப்பாடா! வயலுக்குத் தாமே போய்ப் பூட்டிக்கொடுத்து, மூட்டையும் தூக்கினார்.

கடைசி மூட்டை வீட்டுக் கூரைக்குக் கீழே வந்த கையோடு மழை கொட்டியது.

"எங்கம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்குங்க," என்றார் பெரியசாமி. "நீங்க அன்னிக்கிப் போட்ட நெல்லுக்கு..."

"விசர்க்கதை கதையாத, தம்பி. அது திருப்பித் தாறதுக்குக் குடுத்ததில்லை. நீங்கள் ரெண்டுபேரும் வேற இடம் போகாமல் இஞ்சையே நிக்கவேணுமெண்டு குடுத்தது."

பெரியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நின்னுட்டோம்ங்க அக்கா."

"ஓம், உன்ர 'ங்க'வும் நிண்டிட்டுது," என்று சிரித்தபடி, அன்னப்பிள்ளை புதுநெல்லை அவருடைய இடுப்புச் சாரத்து மடியில் அள்ளிப் போட்டார்.