நான்காவது தேசிக்காய்

சிற்றம்பலத்தாருக்கு ஐம்பத்தாறு வயது. ஜெர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. அதில் பத்தொன்பது வருடத்தை ஒரு ஐஸ் ஹொக்கி மண்டபத்துக்குள்ளேயே கழித்துவிட்டார். ஆனால் ஒருநாளாவது காலில் சறுக்குச் சப்பாத்து மாட்டியதில்லை. "விழுந்தால் இடுப்புப் போயிடும், பிறகு ஆர் பாக்கிறது?" என்பார். அடியில் முள் வைத்த ரப்பர் சப்பாத்தோடு, கோயில் வீதியில் நடப்பவர்போல அந்த ஐஸின்மேல் ஆறுதலாக நடந்து திரிவார்.

வீடு வுப்பர்டாலில். மண்டபம் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம், ஒரு சிறிய ஊரில். அவருடைய வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளங்கப்படுத்தியே அவர் களைத்துப்போனார். விளையாட விளையாட ஐஸ் கீறுப்படும். இடைவேளையில் ஒரு பெரிய மெசினை அதன்மேல் ஓட்ட வேண்டும். அது மேல்தோலைச் சீவி எடுக்கும், பின்னால் இழுபடும் அகலத் துணியால் சுடுநீரை மெல்லப் பூசிக்கொண்டு போகும். தண்ணீர் உறைந்ததும் தளம் புதுக் கண்ணாடி. இதற்கெல்லாம் பொறுப்பானவரை ஐஸ்மைஸ்டர் என்பார்கள். சிற்றம்பலத்தார் ஐஸ்மைஸ்டர் அல்ல, அவருக்கு உதவியாள். பத்தொன்பது வருடமும் உதவியாள்தான்.

பழைய ஐஸ்மைஸ்டர் முழங்கால் தேய்ந்து மாசி மாதம் ஓய்வுக்குப் போனார். அந்த இடத்துக்குச் சிற்றம்பலத்தார் விண்ணப்பித்தார். சான்றிதழ்கள் அடுக்கி வைத்திருந்த இன்னொருவரும் வேறு நகரத்திலிருந்து விண்ணப்பித்தார். மண்டபத்தின் நிர்வாகி லிண்ட்னர் அம்மையார் சிரிப்பதற்குக்கூட ‘தெர்மின்’ என்று நேரம் குறித்துத் தருகிற ஆள். "சுற்றுப்போட்டி முடியட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சுற்றுப்போட்டி என்றதும் பெரிய உலகக் கிண்ணம் என்று நினைத்துவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, அதுவும் கீழ்ப்பிரிவு. ஆறு நாடுகள், ஒரு வாரம். வெல்லும் நாடு அடுத்த வருடம் ஒரு படி மேலே ஏறும், அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் விளையாடுகிற பிள்ளைகளின் தாய்தகப்பன்மார். ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் போய் இது சின்னப் போட்டி என்று சொல்லிப் பாருங்கள்! தோற்ற அணி உடுப்பு மாற்றும் அறையில் அழுகிற சத்தம் மெசின் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்கும். சிற்றம்பலத்தாருக்கும் அந்த வாரம் சின்ன வாரமில்லை. ஐஸ் குழம்பினால் ஆசைப்பட்ட வேலையும் குழம்பும்.

போட்டிக்கென்றே நகரசபை புது மெசின் ஒன்று வாங்கியிருந்தது. பழையதைக் கொண்டுபோய்விட்டார்கள். புதியது வந்த நாளிலிருந்தே சின்னச் சின்னக் கரைச்சல். ஒருநாள் தண்ணீர்க் குழாய் அடைத்தது, இன்னொரு நாள் விளக்கு எரியவில்லை. இவர் வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மனைவி பாலாம்பிகை பிடித்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, பூசை செய்தனீங்களோ?"

"ஐஸ் மெசினுக்கு என்னெண்டப்பா பூசை செய்யிறது?"

"நாலு சில்லு இருக்குத்தானே? அப்ப அது வாகனம். எங்கட காருக்குச் செய்தனீங்கள், இதுக்கேன் ஏலாது? கடைசி நாள் சனிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் போயிடும், பிறகு வையுங்கோ."

ஜெர்மன் சூரியனுக்கும் அதே ராகுகாலம்தானா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்தது.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு மெசின் நிறுத்துமிடத்தில் நாலு தேசிக்காய்க்குக் குங்குமம் தடவி நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தார். யாழ்ப்பாணத்தாருக்கு எலுமிச்சம்பழம் தேசிக்காய். குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கூட வேலை செய்யும் அன்ரன். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன், ஆனாலும் புது வாகனம் என்றால் சாமி பார்ப்பதில்லை. மெசின் முன்னே உருண்டது, தேசிக்காய்கள் நசுங்கின. நிலத்தைக் கழுவியபோது மூன்றுதான் அகப்பட்டன. நாலாவதை அன்ரன் கூட்டியிருப்பான் என்று இவர் நினைத்தார். அண்ணை எடுத்திருப்பார் என்று அவன் நினைத்தான். ஐஸில் சறுக்காமலிருக்க அந்தச் சில்லுகளில் ஆணி அடித்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஒரு மணிக்கு ஐஸ்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் கடைசி ஆட்டம். ஐஸ்லாந்து வென்றால் ஐஸ்லாந்து மேலே. இல்லாவிட்டால் பெல்ஜியம். பிள்ளைகள் ஓடிப் பழகிவிட்டு உள்ளே போனதும் சிற்றம்பலத்தார் மெசினை இறக்கினார். அழகாகத்தான் ஓட்டினார். முடித்துத் திரும்பிப் பார்த்தால், வலதுபக்கக் கோல் வாசலில், சிவப்புக் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே கை நீளத்துக்கு இன்னொரு சிவப்புக் கோடு! சில்லு ஆணியில் குத்தி ஒட்டியிருந்த நாலாவது தேசிக்காயின் தோல் அங்கே விழுந்து, சுடுநீரில் குங்குமம் கரைந்து, துணியில் இழுபட்டு உறைந்திருந்தது. ஐயோ கடவுளே, வைக்க வேறு இடம் கிடைக்கவில்லையா?

நடுவர் கண்டுவிட்டார். பந்துக்குப் பதிலாக ஓடும் ரப்பர் வட்டு எந்தச் சிவப்பைத் தாண்டியது என்று அவர் எப்படிச் சொல்வார்? போட்டியை மேற்பார்க்க வந்திருந்த லாஹ்தினென் என்ற பின்லாந்துக்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"மெசினிலிருந்து எண்ணெய் ஒழுகியிருக்கிறது" என்றார். "எண்ணெய் ஒழுகும் மெசினை நான் இனி ஐஸில் விட மாட்டேன். மெசின் இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை."

நாளைக்குத் தள்ளலாமா என்று லிண்ட்னர் அம்மையார் கேட்டார். முடியாது, ஐஸ்லாந்துப் பிள்ளைகளுக்கு அன்று மாலை விமானம். ஆட்டம் நடக்காவிட்டால் இருக்கிற புள்ளிகளின்படி பெல்ஜியம் ஆடாமலே மேலே போகும். ஐஸ்லாந்துப் பிள்ளைகள் சுவர்க் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்து நின்றார்கள்.

அன்ரன் காதுக்குள் குனிந்தான். "அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ. எண்ணெய் எண்டே நினைக்கட்டும். செய்து குடுத்தவன் பதில் சொல்லுவான். உங்கட வேலை தப்பும்."

அவன் சொன்னதும் சரிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிற உலகத்தில் ஒரு தேசிக்காய்த் தோலை மறைப்பது பெரிய வித்தையா? பேசாமல் நின்றால் போதும். சிற்றம்பலத்தார் நின்றார். பத்தொன்பது வருடம் நெஞ்சுக்குள் ஒருதரம் போய் வந்தது. பிறகு அந்த மெசினைப் பார்த்தார். அது ஒரு பிழையும் செய்யவில்லை. கண்ணாடியில் ஒட்டி நின்ற பிள்ளைகளும் செய்யவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது எண்ணெய் இல்லை" என்றார் ஜெர்மனில். "எலுமிச்சம்பழம். நான்தான் வைத்தேன்."

"என்ன பழம்?" என்றார் லிண்ட்னர் அம்மையார்.

புது வாகனத்துக்கு எங்கள் ஆட்கள் இப்படிச் செய்வார்கள், சில்லுக்கு அடியில் வைத்து நசுக்குவார்கள், கண்ணூறு போகும், சிவப்பு நெற்றியில் வைக்கிற பொடி என்று அவர் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். அம்மையாரின் முகம் குளிர்பெட்டிக் கதவு மாதிரி மூடிக்கொண்டது. லாஹ்தினென் நம்பவில்லை. சிற்றம்பலத்தார் முழங்காலில் நின்று உளியால் ஐஸைக் கிண்டினார். நசுங்கிய தோல் ஒன்று வெளியே வந்தது. பின்லாந்துக்காரர் வாங்கி மூக்கருகே பிடித்தார். எண்ணெய் அப்படி மணக்காது.

"எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"கால் மணி."

பிறகு நடந்ததை அன்ரன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்வான். மனிதர் சிவப்பு முழுவதையும் செதுக்கி எடுத்தார். அன்ரன் சீவல் ஐஸ் அள்ளி வர, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பள்ளத்தில் அப்பினார். நெருப்பணைக்கும் குழலால் குளிர்வாயு அடித்து இறுக்கினார். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மேடு கண்ட இடத்தைச் சீவினார். கையுறை போட மறந்து விரல்கள் மரத்துப்போனதை ஆட்டம் தொடங்கிய பிறகுதான் கண்டார். பதின்மூன்று நிமிடம் எடுத்தது.

ஆட்டத்தின் இரண்டு இடைவேளையிலும் அதே மெசினை அவரே ஓட்டினார். முடிய நாலு நிமிடம் இருக்க, ஐஸ்லாந்துப் பெடியன் ஒருவன் அடித்த வட்டு அந்த ஒட்டுப்போட்ட இடத்தின்மேலே வழுக்கி கோட்டைத் தாண்டியது. நடுவர் ஒரு கணம்கூட யோசிக்காமல் கையை நீட்டினார். மூன்றுக்கு இரண்டு. ஐஸ்லாந்து மேலே போனது. பெல்ஜியப் பிள்ளைகள் அழுதார்கள், பாவம். ஐஸைக் குற்றம் சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

போகும்போது லிண்ட்னர் அம்மையார் இவர் பக்கம் திரும்பினார். "திங்கள் ஒன்பது மணிக்கு என் அறையில் ஒரு தெர்மின்." சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிற்றம்பலத்தார் சாப்பிட்டது அரைவயிறு. "என்னாலதானே" என்று பாலாம்பிகை நாலைந்து தரம் சொல்லிவிட்டார். "வைச்சது நான், நீரோ?" என்று இவரும் அத்தனை தரம் சொன்னார்.

திங்கள் ஒன்பதுக்கு அம்மையார் மேசையில் இரண்டு தாள் வைத்திருந்தார். "பதினோரு வருடம் இந்தக் கதிரையில் இருக்கிறேன்" என்றார். "ஐஸ் பழுதானால் வெயில் என்பார்கள், மின்சாரம் என்பார்கள். நான்தான் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை." முதல் தாளைத் தள்ளினார். "இரண்டையும் வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள்."

முதல் தாள் மண்டப விதிமுறைகள். பதினேழாவதாக ஒரு விதி புதிதாகச் சேர்ந்திருந்தது: வாகனங்களுக்குச் சமயச் சடங்கு செய்வதானால் மண்டபத்துக்கு வெளியே, தார்த்தரையில் மட்டும் செய்யவேண்டும். பயன்படுத்திய பழங்களை எண்ணிச் சரிபார்ப்பது ஐஸ்மைஸ்டரின் பொறுப்பு.

இரண்டாவது தாளின் தலைப்பில் ஐஸ்மைஸ்டர் என்ற சொல்லுக்குக் கீழே சிற்றம்பலத்தாரின் முழுப்பெயரும் ஓரெழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் அடித்தார். பாலாம்பிகை முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னவாம்?"

"இனிமேல் பூசையை வெளியில வைச்சுச் செய்யட்டாம். தேசிக்காய் எண்ணுறது ஐஸ்மைஸ்டரின்ர வேலையாம், நான்தான் எண்ணவேணுமாம்."

"நீங்கள் எண்ணவேணுமெண்டால்... அப்ப நீங்களே?"

"ஓம்" என்றார் சிற்றம்பலத்தார். "நான்தான்."