வற்றிய மார்பில் ஆத்தா தந்த பால்

என் மகளுக்கு மூன்று மாதம் நடக்கும்போது எனக்கு அம்மை போட்டது. 2005, பங்குனி மாதம். தாயில்பட்டியில் எங்கள் வாசலில் வேப்பிலை கட்டினார்கள். பிள்ளையைத் தொடக் கூடாது என்று மாமியார் அவளை அடுத்த அறைக்குத் தூக்கிப்போய்விட்டார். டப்பாப் பால் மாவைத் தண்ணியாகக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று ஓடிப்போய் மகளைத் தூக்கினேன். பூனைக்குட்டிக் கனம்கூட இல்லை. வயிற்றுப்போக்கு வேறு. மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பால் வற்றியிருந்தது.

மாரியம்மன் கோயிலில் போய்க் கதறினேன். "நீதான ஆத்தா என் உடம்புல இறங்குன? போகும்போது என் பிள்ளை பாலையும் கொண்டு போயிட்டியே. திருப்பிக் குடு."

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஊர் நர்ஸ் அக்கா நிற்கிறார்! தடுப்பூசி விஷயமாக வந்தவர். பிள்ளையைப் பார்த்ததும் அவரே எங்களைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வயிற்றுப்போக்கு நின்றது. மாவை எந்த அளவில் கரைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். பால் மறுபடி ஊற எனக்கு வழி சொன்னது அக்காதான்.

"பாட்டிலைத் தூரப் போடு தாயி. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். வாயை மார்புல வச்சுக்கிட்டு, கரைச்ச பாலை மேலருந்து பாலாடைச் சங்குல சொட்டுச் சொட்டா விடு."

பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அப்படியே செய்தேன். ஒவ்வொரு தரமும் ஆத்தா பேரைச் சொன்னேன். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலை, அவள் ஒரு பக்கம் சப்பிக்கொண்டிருக்க, மறுபக்கம் ஜாக்கெட் நனைந்தது. குனிந்து பார்த்தேன். பால்!

"அத்தை, பால் ஊறிருச்சு, வந்து பாருங்க!"

மாமியார் ஓடிவந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஒரு மாதத்தில் பால் மாவே தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் முடியட்டும் என்றார் மாமியார், என்னை முந்திக்கொண்டு! முடிந்ததும் கோயிலில் பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து நெய் விட்டு ஊட்டினோம். முதல் வாயைத் துப்பினாள். அடுத்த வாய்க்கு என் விரலையும் சேர்த்துச் சப்பினாள். அம்புட்டு வேகம்!

இப்போது எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நான் போய் உட்கார்ந்துவிடுவேன், பக்கத்தில் இருந்து பால் கொடுக்கப் பழக்கிவிட.

பால் இல்லையே என்று கலங்கும் தாய்மாரே, ஆத்தாளிடம் சொல்லி அழுங்கள். அழுது முடித்ததும் பிள்ளையை மார்பில் போடுங்கள். எனக்குத் தந்தவள் உங்களுக்கும் தருவாள்.