பக்கத்துக் கட்டில்காரியின் தேத்தண்ணி

என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் படித்த படிப்பையெல்லாம் தாளில் அடித்துக்கொண்டு வருவார்கள். நான் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "சரி, உமக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்பேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று மெல்பேர்ன் புறநகரான ட்ருகனினாவில் இரண்டு கிடங்கு நிறைய மிளகாய்த்தூள் வைத்திருக்கிறேன். மெல்பேர்னில் எங்கள் சனம் வைக்கிற குழம்பில் பாதி என் தூளில்தான் சிவக்கிறது. தொழிலை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் பத்து வயதில், ஆஸ்பத்திரியில் வைத்து, ஒப்பரேஷனுக்குப் போகிற ஆளுக்கு. வாயால் பலருக்குச் சொன்ன கதை. எழுதுவது இதுதான் முதல் தடவை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரெயின் பாதை முடிகிற கிளென் வேவர்லியில் வாடகை வீடு. ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம். அப்பா கார் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஆங்கிலப் பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார், ஆனால் வெள்ளைக்காரர் வாய் திறந்தால் "யெஸ், யெஸ்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அம்மாவுக்கு அந்த யெஸ்ஸும் இல்லை. பிறகு யார் இருக்கிறது? நான்தான். ஒரே பிள்ளை. பஸ்காரனோடு கதைப்பதும் நான், இறைச்சிக் கடைக்காரனிடம் கொழுப்பை வெட்டி எறி என்று சொல்வதும் நான்.

அம்மாவுக்கு மாதக்கணக்காக இரத்தம் போய்க்கொண்டிருந்தது. முகம் வெளுத்துவிட்டது. குசினியில் கதிரை போட்டு இருந்துதான் சமைப்பார். இனியும் இழுத்தடித்தால் உயிருக்கே ஆபத்து, ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பா கடதாசியில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா அம்மாவோடு என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். என்னை விட்டார்கள். நான் பார்க்க வந்தவள் இல்லை, வேலைக்கு வந்தவள். மூக்கு நிறையப் புள்ளிகளும் நெஞ்சில் தலைகீழாகக் குத்திய மணிக்கூடுமாக ஒரு நேர்ஸ் வந்தார். பெரிய ஆளுக்குப் போடுவது போல எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

"நான் சொல்வதை அம்மாவுக்குச் சொல். பிறகு அதையே அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல். அவர் வாயால் வந்தால்தான் விளங்கியது என்று அர்த்தம்" என்றார்.

என் கிடங்குக்குப் புதிதாக வருகிறவர்களை நான் இன்றைக்கும் இப்படித்தான் பழக்குகிறேன். அது போகட்டும்.

நேர்ஸ் முதலில் ஒரு தாளில் படம் கீறினார். அது கர்ப்பப்பை என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் தமிழிலும் தெரியாது, ஆங்கிலத்திலும் தெரியாது. என் கண்ணுக்கு அது தலைகீழாகப் பிடித்த பேரிக்காய். இதை எடுத்தால் இரத்தம் நின்றுவிடும், அம்மா பழையபடி சுகமாக நடமாடலாம் என்று நேர்ஸ் மெதுவாகச் சொன்னார்.

நான் மெதுவாகவா சொல்வேன்? "அம்மா, உள்ளுக்குப் பேரிக்காய் மாதிரி ஒண்டு கிடக்காம். அது பழுதாம். எடுத்து எறியப் போயினம். உங்களுக்கு இனி அது தேவையில்லையாம்."

"அவ அப்பிடியே சொன்னவ?"

"ஓம் அம்மா. அப்பிடித்தான்."

எறிகிற கதையும் தேவையில்லாத கதையும் நேர்ஸ் சொன்னதில்லை. விளக்கம் காணாது என்று நான் சேர்த்தவை. அம்மா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருப்பிச் சொல்லச் சொன்னேன். "விளங்குது பிள்ளை, விளங்குது" என்றார். அதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் திறமாக நடந்தது. மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விட வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், தையல் நோகாது. படுத்தபடியே குதிக்காலைச் சுற்ற வேண்டும், காலில் இரத்தம் உறையாது. நான் கையைத் தட்டித் தட்டி எண்ண, அம்மா செய்தார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த இத்தாலிக்காரக் கிழவியும் தன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கிவிட்டார். அவருக்குச் செய்ய இருந்தது கண் ஒப்பரேஷன். நேர்ஸ் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பழக்குகிற ஆள் சிரிக்கக்கூடாது. விடியற்காலையில் வயிற்றுக்குக் கீழே சவரம் செய்வோம் என்று நேர்ஸ் சொன்னதை மட்டும் "கழுவித் துடைப்பினமாம்" என்று மாற்றிவிட்டேன். அப்பா பக்கத்தில் நின்றார், எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

கடைசியாக, பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் படக்கூடாது. வயிற்றில் ஏதும் இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடும், ஆள் தப்பாது. இந்த இடத்தில் நேர்ஸ் என் தோளைப் பிடித்து, வடிவாகச் சொல் என்றார். வடிவாகத்தான் சொன்னேன்.

"அம்மா, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணியோடை இருக்கிறனீங்கள்தானே. இது ஒரு இரவு. ஆனா தண்ணியும் கூடாது."

"இதென்ன பெரிய விரதமே" என்றார் அம்மா.

அதையும் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். நேர்ஸ் கட்டில் தலைமாட்டில், வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்ற அறிவித்தல் மட்டையைக் கொழுவிவிட்டு, என்னுடைய கையைக் குலுக்கினார். போகும்போது அப்பாவைப் பின்னால் விட்டுவிட்டு நான் முன்னால் நடந்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது வார்டில் ஒரே பரபரப்பு. ஒப்பரேஷன் நிறுத்தம். ஆறு மணிக்குத் தேத்தண்ணி வண்டி வந்திருக்கிறது. மட்டையைப் பார்த்து அம்மாவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இத்தாலிக்காரி பாதி குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைக்க, அம்மா எட்டி எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டார். கிழவி கையாலும் காலாலும் அதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய அம்மா, நான் வாய் வைத்த கோப்பையில் கூட எச்சில் என்று வாய் வைக்காதவர்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தைச் சொன்னனி?"

"எல்லாம் சொன்னனான்."

"சொல்லியிருந்தா ஏன் குடிக்கிறா? பெரிய ஆள் மாதிரி நிண்டு கதைச்சியே. பிழையாத்தான் சொல்லியிருக்கிறாய்."

தலைமை நேர்ஸும் என்னைக் காட்டி, சின்னப் பிள்ளையை நம்பியது தங்கள் பிழை என்று புள்ளி மூக்கு நேர்ஸைக் கடிந்துகொண்டார். அம்மாவோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்காக ஒரு சொல் சொல்லவில்லை. சின்ன வயதிலேயே நான் பழியை வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. கட்டிலடிக்குப் போனேன்.

"அம்மா, பன்னிரண்டு மணிக்குப் பிறகு என்ன செய்யச் சொன்னனான்? இவைக்குச் சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சொன்னார்: "வாயிலை ஒண்டும் படக்கூடாது. தண்ணியும் கூடாது. பட்டா, மயக்கத்திலை சுவாசப்பைக்குள்ளை போகும். ஆள் தப்பாது."

ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் மாற்றிச் சபைக்கு வைத்தேன். கேஸ் முடிந்தது. வென்றது நான். ஆனால் என் புள்ளி மூக்கு நேர்ஸ் என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். நேர்ஸ் எனக்கு ஒரு கிண்ணத்தில் சிவப்பு ஜெலி தந்து விறாந்தையில் இருத்தினார். மொழிபெயர்ப்பு வேண்டாமோ என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு ஆங்கிலம் தெரியாது, இரண்டு பேரும் என்னத்தைக் கதைக்கப் போகிறார்கள்? ஜெலியை மூன்று வாயில் முடித்துவிட்டு உள்ளே போனேன்.

கதைக்கவில்லை. நேர்ஸ் கட்டிலில் இருந்தார், வார்டில் நேர்ஸ்மார் அப்படி இருப்பதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நேற்றைய படம். பென்சில் அம்மாவின் கையில் இருந்தது. பேரிக்காய்க்கு உள்ளே அம்மா ஒரு குட்டி மனித உருவம் கீறியிருந்தார். உருண்டைத் தலை, குச்சி குச்சியாய்க் கையும் காலும். அம்மாவுக்குச் சித்திரம் வராது. இதைவிட நான் நன்றாகக் கீறுவேன் என்று சொல்லிப் பென்சிலைக் கேட்டேன். அம்மா தரவில்லை.

நேர்ஸ் தொழிற்சாலைக்கு டெலிபோன் எடுத்து அப்பாவைத் திருப்பிக் கூப்பிட்டார். அப்பா வேலை உடுப்போடு, கையில் எண்ணெய்க் கறையோடு வந்தார். நேர்ஸ் அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். நான் திரைக்குள் போகப் பார்க்க இத்தாலிக்காரி என் சட்டையைப் பிடித்துத் தன் கட்டிலில் இருத்திவிட்டார். கண் மங்கிய கிழவிக்குப் பிடி நல்ல இறுக்கம். திரைக்குப் பின்னால் அப்பாவின் குரல் தாழ்ந்து கேட்டது. அப்பா இவ்வளவு நேரம் அம்மாவோடு கதைத்து நான் கேட்டதில்லை. நடுவில் அம்மா சொன்ன ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஒரு சொல்லு நீங்கள் சொல்லியிருக்கலாம்."

வெளியே வந்த அப்பா, "நாளையிண்டைக்கு ஒப்பரேஷன். அம்மா ஓம் எண்டிட்டா" என்றார்.

"நேற்றே நான் அந்த ஓமை வாங்கித் தந்தனான்" என்றேன்.

அம்மா இரண்டாம் முறை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இரத்தம் நின்றது. மூச்சு, இருமல், குதிக்கால் எல்லாம் நான் பழக்கியபடி செய்து, அந்த வார்டிலேயே முதலில் எழுந்து நடந்தவர் என் அம்மாதான். இதில் என் பங்கை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அப்பாவோடு போனபோது அம்மா ஒருபக்கமாகச் சரிந்து படுத்திருந்தார். கண்ணீர் மூக்கைக் கடந்து தலையணையில் விழுந்துகொண்டிருந்தது.

"நோகுதோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

நான் விடுவேனா? நொந்தால் உடனே சொல்ல வேண்டும், ஊசி போடுவோம் என்பது எனக்குச் சொல்லித்தந்த பாடம். ஓடிப் போய்ப் புள்ளி மூக்கு நேர்ஸைப் பிடித்தேன். அம்மாவுக்கு நோகிறது, அழுகிறார், ஊசி கொண்டுவா என்றேன். அவர் வந்தார். அம்மாவின் வயிற்றைத் தொட்டுக் கண்ணால் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார். நேர்ஸ் ஊசி எடுக்கப் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஊசி என்று இன்னும் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். கேட்காதவர் போலவே இருந்தார்.

திரும்பி வரும்போது ரெயினில் அப்பாவிடம் முறையிட்டேன். நோயாளி அழுதுகொண்டு கிடக்கிறா, அந்த மனுசி ஊசியும் போடேல்லை, மருந்தும் தரேல்லை, சும்மா கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா என்றேன். நல்ல மனுசிதான், ஆனா வேலை தெரியாது என்றேன். எங்களுடையது கடைசி ஸ்டேஷன். அதுவரைக்கும், அந்த நேர்ஸுக்கு நான் இன்னும் என்னென்ன பழக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.